ஈட்டுப்படி

என் தகப்பனார் மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சம்பளச் சீட்டில் அகவிலைப்படிக்கும் வீட்டு வாடகைப்படிக்கும் கீழே ‘நகர ஈட்டுப்படி’ என்று ஒரு சிறு தொகை இருக்கும். தொகை சிறியது, சொல் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. நகரத்தில் வாழ நேர்ந்ததற்கு ஈடு. அதாவது நகர வாழ்க்கை ஒரு சேதம், அதற்கு நஷ்ட ஈடு தந்தாக வேண்டும் என்பதை ஓர் அரசாங்கம் மாதாமாதம் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறது. மத்திய அரசு 2008இல் ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டித் தன் ஊழியர்களுக்கு இந்தப் படியை எடுத்துவிட்டது. போக்குவரத்துப் படியில் அது கரைந்துபோயிற்று. சேதம் நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. போய்வரும் தூரம் மட்டும்தான் இனிச் சேதம் என்று தீர்மானமாயிற்று, அவ்வளவுதான்.

ஈடு என்பது என் தொழிலில் அடமானம். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். பேச்சு வழக்கில் சமம் என்றும் பொருள்: இவனுக்கு அவன் ஈடாவானா? வைணவர்களுக்கு அது திருவாய்மொழியின் வியாக்கியானம். அங்கேயும் முப்பத்தாறாயிரப் படி என்று ஒரு ‘படி’ வந்து ஒட்டிக்கொள்கிறது. (இதை நான் சொல்லப்போக, வியாக்கியானத்தில் தோய்ந்த நண்பர் ஒருவர் சிரிக்காமல் முறைத்தார்.) இழப்புக்குப் பதில், சமம், பணயம். இரண்டு நகரங்களை வைத்து எது மேல் என்று கேட்கிறபோது இந்த மூன்றில் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கேள்வி சும்மா எழவில்லை. சென்னைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அப்பா காலமான பிறகு அம்மா மதுரை வீட்டில் தனியாக இருக்கிறாள். விருப்ப மாறுதலுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். ஒரு நோட்டை எடுத்து நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சென்னை, மறு பக்கம் மதுரை என்று எழுத ஆரம்பித்தேன். 2024 ஒப்பந்தத்துக்குப் பிறகு என்னைக் ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று அழைக்கிறார்கள். ஆனாலும் நான் கிளார்க்தான், கோடு போடாமல் யோசிக்க வராது. வாடகை: சென்னையில் பதினேழாயிரம், மதுரையில் சொந்த வீடு, பூஜ்யம். தண்ணீர், பால், மின்சாரம், பள்ளிக்கூடம், வண்டி. மூன்றாவது பக்கத்திலேயே ஒன்று புரிந்தது. மின்கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்று. ரேஷன் அரிசி ஒன்று. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் கிடையாது, இரண்டு ஊரிலும்தான். அரசாங்கம் விலை வைக்கிற இடத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் அநேகமாக இல்லை. வித்தியாசம் முழுவதும் வீட்டில் வந்து நிற்கிறது. வீடு என்பதோ செங்கல்லும் சிமெண்ட்டும் மட்டுமல்ல. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்கிற ஏற்பாடு. இதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண். என் அகவிலைப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாறுகிறது. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அதற்கு ஆதாரம். நாடு முழுக்க 88 மையங்களில் விலை சேகரிக்கிறார்கள்; சென்னையும் உண்டு, மதுரையும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் தனி எண் வருகிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஊரில் விலை அதிகம் என்று தெரிந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். தெரியாது. இப்போதைய வரிசையில் 2016க்கு எல்லா ஊரும் 100. 2016இல் சென்னையும் 100, மதுரையும் 100. இது இரண்டும் சமம் என்று சொல்வதல்ல. ஒவ்வோர் ஊரும் தன் 2016லிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்வது. மதுரையின் எண் சென்னையின் எண்ணைவிட அதிகமாக இருந்தால், மதுரையில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம், மதுரை விலை கூடிய ஊர் என்றல்ல. ஓர் ஊர் தன் இறந்தகாலத்தோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. குறியீட்டெண்ணைப் போட்டவர்களுடைய இந்த அடக்கம், அதைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பேசுகிறவர்களிடம் இல்லை.

அதற்கப்புறமும் எனக்குப் படி வருவது சென்னை எண்ணை வைத்தோ மதுரை எண்ணை வைத்தோ அல்ல. அகில இந்திய எண்ணை வைத்து. எல்லா மையங்களையும் நிறுத்துக் கூட்டி வகுத்த ஓர் ஊர். அந்த ஊரில் குடும்பச் செலவில் உணவுக்கு நூற்றுக்கு 39.17, வீட்டுக்கு 16.87. அங்கே ஒருவரும் வசிப்பதில்லை. நாங்கள் எல்லோரும் அந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் செலவழிக்கிறோம்.

அகவிலை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தானியத்தின் விலை என்பது அதன் பழைய பொருள். படிக்கிறபோதெல்லாம் எனக்கு அது அகத்தின் விலை என்றே கேட்கிறது. தப்புதான். ஆனால் 1924இல் கோனுஸ் என்ற ருஷ்யப் பொருளியலாளர் எழுப்பிய பிரச்னையைப் படித்தபோது என் தப்பு அவ்வளவு தப்பில்லை என்று பட்டது. அதே கூடைக்கு அன்றைக்கு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று பார்ப்பது வாழ்க்கைச் செலவை அளப்பதாகாது, அதே அளவு திருப்தியில் இருப்பதற்கு என்ன செலவாகிறது என்பதே உண்மையான கேள்வி என்பது அவருடைய வாதம். இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். செலவு ஒரு பக்கம், வாழ்க்கையின் தரம் மறு பக்கம் என்று நான் போட்ட கோடு இதனால் அழிந்துவிடுகிறது. தரத்தை முதலில் நிலைநிறுத்தினால் ஒழியச் செலவு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. ‘சென்னையில் செலவு அதிகம், ஆனால் வசதி அதிகம்’ என்று நாம் பெரிய நடுநிலையோடு சொல்கிற வாக்கியத்தில் ஒரே விஷயத்தை இரண்டு தரம் எண்ணுகிறோம்.

கோனுஸின் வாதத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. திருப்தியடைகிற ஆள் மாறக் கூடாது, அவனுடைய ருசி மாறக் கூடாது. காலத்தில் இது ஓரளவு சாத்தியம். இடத்தில்? மதுரையில் இருந்தவன் ராத்திரி பன்னிரண்டுக்குப் பசித்தால் தெருமுனையில் சூடாக ஏதாவது கிடைக்கும் என்பதை ஒரு வசதியாகக்கூட எண்ணியவனில்லை. காற்றைப் போல அது. சென்னைக்கு வந்த பிறகுதான் அது வசதி என்று தெரிந்தது, இல்லாமல் போனதால். அதே போல, 1896லிருந்து இருக்கிற கன்னிமாரா நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பது என்கிற ஆசை மதுரையில் இருந்தவனுக்கு இல்லை. சென்னை அந்த ஆசையையும் கொடுத்து, அதை நிறைவேற்றவும் செய்து, இரண்டையும் தன் வரவில் எழுதிக்கொள்கிறது. ஒப்பிடுகிறவன் யார்? வண்டி ஏறினவனா, இறங்கினவனா? வைகை எக்ஸ்பிரஸ் 1977லிருந்து இந்த இரண்டு பேரையும் ஒரே டிக்கெட்டில் ஏற்றிக்கொண்டு போகிறது.

உலக நகரங்களைத் தரவரிசைப்படுத்துகிற நிறுவனங்கள் இந்தச் சங்கடத்தைச் சுலபமாகத் தாண்டுகின்றன. மெர்சர் நிறுவனத்தின் பட்டியலுக்கு நியூயார்க் ஆதார நகரம். வியன்னா வருஷக்கணக்கில் தரத்தில் முதலாவதாக இருந்தது. யாருக்கு என்று பார்த்தால், கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புகிற அதிகாரிக்கு. ஆளை நிலைநிறுத்திவிட்டால் ஊரை அளந்துவிடலாம். அதில் பொய்யில்லை, அந்த ஆள் நாமில்லை, அவ்வளவுதான். நம் மத்திய அரசு 2020க்கு வெளியிட்ட ‘எளிய வாழ்வுக் குறியீடு’ கொஞ்சம் விசாலமானது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில் பெங்களூர் முதலாவது, சென்னை நான்காவது. வாழ்க்கைத் தரத்துக்கு நூற்றுக்கு 35, பொருளாதாரச் சக்திக்கு 15, நீடித்து நிற்கும் தன்மைக்கு 20, குடிமக்களின் அபிப்பிராயத்துக்கு 30. அபிப்பிராயத்தைவிடத் தரம் ஐந்து கூடுதல். அந்த ஐந்து யாருடைய ஐந்து? வாழ்கிறவன் சொல்வதைவிட வாழ்க்கை ஐந்து பங்கு மேலானது என்று முடிவெடுத்த மேஜை ஒன்று எங்கோ இருக்கிறது. சென்னை 2015இல் முங்கியது. 2019இல் வறண்டு, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு குடம் தண்ணீருக்காக அன்று வரிசையில் நின்றவளைப் பின்னால் அபிப்பிராயம் கேட்டிருந்தால் அது முப்பதுக்குள் அடங்கியிருக்குமா என்று தெரியவில்லை.

ஆடம் ஸ்மித் 1776லேயே இதைவிடக் கூர்மையாக யோசித்திருக்கிறார். அத்தியாவசியப் பொருள் என்பது உயிர் தரிக்கத் தேவையானது மட்டுமல்ல, எது இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்க மனிதன் வெட்கப்படுவானோ அதுவும்தான் என்பது அவர் கருத்து. அவர் காலத்துக் கூலியாளுக்கு ஒரு லினன் சட்டை. கிரேக்கரும் ரோமரும் லினன் இல்லாமல் சௌக்கியமாகவே இருந்தார்கள். அமர்த்தியா சென் இந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தம் வாதத்தில் வெகுதூரம் போகிறார்: வெட்கமில்லாமல் வெளியே வருவது என்ற ஒன்றே எங்கும் வேண்டியது, அதற்கு ஆகும் பொருள்தான் ஊருக்கு ஊர் வேறு. நான் இதைப் படித்துவிட்டு மகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். சென்னையில் எங்கள் தெருவில் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க ஏதாவது கொடுக்காமல் ஒரு குழந்தை நிற்க முடியாது. இது எந்தக் கூடையிலும் இல்லை.

வெட்கம் பொருளால் தீர்வது ஒரு வகை. பொருளால் தீராததும் உண்டு. எங்கள் கிளையில் தென்மாவட்டத்துக்காரர் ஒருவர், தலித், என்னைவிட இளையவர். இந்த நோட்டை அவரிடம் காட்டினேன், ஏதோ புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டது போல. புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு ரெண்டு ஊரு சார். எனக்கு ரெண்டு ஊர்லயும் ஒரே கேள்விதான். எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்காரர் தமிழ்ல கேப்பாரு, நீங்க யாருன்னு. இங்க புரோக்கர் இங்கிலீஷ்ல கேக்குறாரு, வெஜிட்டேரியனான்னு.” பிறகு, கொஞ்சம் யோசித்து, “ஆனா இங்க பொய் சொல்லலாம்,” என்றார். பொய் சொல்ல முடிகிற ஊருக்கு அவர் மாதம் நாலாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கிறார். என் நோட்டில் ‘ஒரு படுக்கையறை வீடு’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அது ஒரு பண்டமே அல்ல. வாங்குகிறவன் யார் என்பதைப் பொறுத்து இருக்கிற, இல்லாமற்போகிற ஒன்று. 1917இல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்தபோது அவருக்குச் சம்பளம் இருந்தது, பதவி இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, தெரிந்ததும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டு, பம்பாய்க்குத் திரும்பினார். பரோடாவில் அன்று வாடகை என்ன என்று ஒருவர் ஆராய்ச்சி செய்து அட்டவணை போடலாம். எல்லா எண்களும் சரியாகவே இருக்கும்.

நகரத்தின் அநாமதேயத்தை நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் துக்கமாகவே எழுதியிருக்கிறார்கள், யாரையும் யாருக்கும் தெரியாத ஊர் என்று. தெரிந்தவர்களால் எந்த ஆபத்தும் வராதவர்களின் துக்கம் அது. நானும் அப்படிச் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்.

மதுரைப் பக்கத்தில் வாடகைக்கு நேராகப் பூஜ்யம் என்று போட்டதையும் சொல்ல வேண்டும். மலிவான ஊர் ஏன் மலிவாக இருக்கிறது? 1964இல் பலாஸாவும் ஸாமுவல்ஸனும் தனித்தனியே ஒரு விளக்கம் சொன்னார்கள்: இடம்விட்டு இடம் போகிற சரக்கின் விலை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான், முடி வெட்டுவது, சமைத்துப் போடுவது போன்ற, அந்தந்த இடத்திலேயே நடந்தாக வேண்டிய வேலைகள்தான் கூலி குறைந்த நாட்டில் மலிவு. நாடுகளுக்குச் சொன்னது, ஊர்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அதாவது மதுரையில் என் இட்லியின் விலை குறைவு என்பதும், இட்லி சுடுகிறவளின் வருமானம் குறைவு என்பதும் இரண்டு செய்திகளல்ல. அவளுடைய வாழ்க்கைத் தரத்திலிருந்துதான் என்னுடையதற்கு எடுத்துக்கொள்கிறேன். ஊரின் ‘சராசரித் தரம்’ என்ற எண்ணில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

அதையும்விட மலிவான கூலி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பா நாற்பது வருஷம் வரவுசெலவு எழுதியவர். அந்த நோட்டுகள் இன்னும் மதுரை வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மீதி. அநேகமாக எப்போதும் மீதி இருக்கும். சின்ன வயதில் அப்பாவின் சிக்கனத்தை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். போன முறை போனபோது சிலவற்றை இறக்கிப் பார்த்தேன். விறகு, மண்ணெண்ணெய், பின்னால் சிலிண்டர், தயிர், நாவிதர், சலவை, என் ஸ்கூல் பீஸ். அம்மாவின் பெயர் நாற்பது வருஷத்தில் மருந்துக்கும் சேலைக்கும் நேராக மட்டுமே வருகிறது. செலவு என்ற தலைப்பின் கீழ். நாலு மணிக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர் அடித்தவள், பாட்டியைப் படுக்கையில் எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவள், மாவாட்டியவள், எதற்கும் வரவில் ஒரு வரியில்லை. அப்பாவின் மீதியெல்லாம் அவள்தான். மதுரை மலிவான ஊர் என்று நான் நம்பிவந்ததில் பெரும்பகுதி அவள்.

பிறகு என் நோட்டைப் பார்த்தேன். மதுரைப் பக்கத்தில், ‘அம்மா – மருத்துவம், மாதம் 3,000.’

சென்னைப் பக்கத்தில் என் மனைவியின் சம்பளத்தை எழுதியிருந்தேன். மதுரைக்குப் போனால் அது நிற்கும் என்பதால் கழித்துமிருந்தேன். கணக்குச் சரி. நோட்டைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: “இதுல நான் எந்தக் கணக்குல வர்றேன்?” சம்பளத்தைக் காட்டினேன். “அது சம்பளம்,” என்றாள்.

அவளுக்குச் சென்னை என்பது என்ன என்று அதுவரை நான் கேட்டதில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு, மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு வரை இருபது நிமிஷம் தனியாக நடந்துவருகிறாள். ஷேர் ஆட்டோ இருக்கிறது, ஏறுவதில்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவள் ஒருவருடைய மகளுமில்லை, மருமகளுமில்லை, அம்மாவுமில்லை. மதுரையில் வீட்டுக்கு நாலு தெரு முன்னாலிருந்தே, யாரோ திண்ணையிலிருந்து, “யாரு, இன்னார் மருமகளா?” என்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். எனக்கு அதுதான் ஊர். அவளுக்கும் அதுதான் ஊர், வேறு அர்த்தத்தில்.

ஜோஸப் ராஸ் 1986இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஒரு சோதனை சொல்கிறார். இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதைவிட மேலில்லை என்று வைத்துக்கொள்வோம். அவை சமமாக இருந்தால், ஒன்றைக் கொஞ்சம் மேம்படுத்தினால் போதும், தராசு அந்தப் பக்கம் சாய வேண்டும். சாயவில்லையென்றால் அவை சமமில்லை. ஒரே தராசில் நிற்காதவை. செய்து பார்த்தேன். மதுரைப் பக்கம் ஐந்நூறு ரூபாய் கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஐயாயிரம் கூட்டினேன். அந்த நடைக்குப் பக்கத்தில் ஐயாயிரம் ரூபாயை வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ராஸ் இந்தக் கூச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்: சில உறவுகளை விலைக்கு மாற்ற மறுப்பது, அந்த உறவு என்றால் என்ன என்பதிலேயே அடங்கியது. எனக்கு இது சரி என்றே படுகிறது. ஆனால் இதில் இளைப்பாற இடமில்லை. ஒப்பிட முடியாது என்று நிரூபித்துவிட்டால் முடிவெடுக்க வேண்டியதில்லை என்றாகாது. கூலிக்காக ஊர் மாறுகிறவனுக்கு இந்த நிரூபணம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. அவன் ஒப்பிடுவதே இல்லை, போகிறான்.

நம் மரபில் இந்த ஒப்பீட்டை அதன் எல்லைவரை கொண்டுபோன கவிதை பட்டினப்பாலை என்று நினைக்கிறேன். 301 அடி. பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வம், துறைமுகம், கடைத்தெரு, கரிகாலனின் வெற்றி. இத்தனையையும் அடுக்கிவிட்டு, இந்த ஊரே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். ஊரை ஒரு தட்டிலும் பெண்ணை ஒரு தட்டிலும் வைத்து, ஊர் எழும்பிவிட்டது என்கிறான். உண்மையில் ஊரை இவ்வளவு விஸ்தாரமாக வர்ணித்த பிறகுதான் அந்த மறுப்புக்குக் கனம் வருகிறது. உருத்திரங்கண்ணனாருக்கு இது தெரியும். ராஸ் சொல்கிற கூச்சம் இந்தத் தலைவனுக்கு இல்லை, எடை போட்டேவிட்டான். பல வருஷம் இதை மகத்தான காதல் வாக்குமூலமாகப் படித்திருக்கிறேன். இப்போது வேறொன்று தட்டுப்படுகிறது. தலைவன் பேசுவது நெஞ்சோடு. தலைவி அந்த இடத்தில் இல்லை. பட்டினத்தைப் பார்க்க அவளுக்கு ஆசையிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாலைத் திணையின் இலக்கணத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று சொல்வார்கள். வாஸ்தவம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். அதில் ‘மாறுதல் கோரும் காரணம்’ என்று ஓர் அரை வரி இடம் உண்டு. எல்லோரும் ‘வயதான தாயார்’ என்று எழுதுவார்கள், அதுதான் செல்லும். நானும் எழுதத்தான் இருந்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வர்றதுன்னா வாப்பா. என் பேரை அதுல எழுதாத. நாளைக்கு அந்தப் பிள்ளை வேலையை விட்டுட்டு இங்க உக்காந்திருக்கையில நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளப் பாக்க,” என்றாள்.

காரணத்தைக் காலியாக விட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். கடைசித் தேதி வருகிற வெள்ளிக்கிழமை.